சிறு மகிழுந்துகளில் பெரிய சக்கரம் பொருத்துதல்

சிறு மகிழுந்துகளில் பெரிய சக்கரம் பொருத்துதல் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்த சக்கரத்தையும் டயரையும் கழற்றிவிட்டு, அவற்றைவிட விட்டம் கூடிய சக்கரத்தையோ அகலம் கூடிய டயரையோ வெளிச்சந்தையில் வாங்கி மாட்டும் மாற்றமாகும். டயர் கடைகளில் இது அப்சைசு செய்தல் எனப்படுகிறது. சக்கரத்தின் உலோகப் பகுதி பேச்சு வழக்கில் ரிம் அல்லது டிசுக்கு என்றும், அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது அலாய் வீல் என்றும் வழங்குகின்றன. டயரைத் தமிழில் உருளிப்பட்டை எனவும் குறிப்பிடுவர்.

தோற்றப் பொலிவு, சாலைப் பிடிப்பு, திருப்பங்களில் உறுதி ஆகியவை இம்மாற்றத்துக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள். ஆனால் ஒரு மகிழுந்தின் வேகமானி, தடை, தொங்கல் அமைப்பு, சுழல்தாங்கி, சுமை தாங்கும் திறன் ஆகிய யாவும் தொழிற்சாலை வகுத்த சக்கர அளவையே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே அளவு தவறினால் அது தோற்றக் குறையாக நின்றுவிடாமல் பயணிகளின் பாதுகாப்பையே பாதிக்கக்கூடும்.

மண்ணூர்பேட்டையும் சுற்றுப்புறமும்

சென்னையின் மேற்குப் புறநகரில், பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே சென்னை - திருத்தணி - ரேணிகுண்டா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள மண்ணூர்பேட்டை, இந்தியத் தானுந்து உதிரிப்பாகத் தொழிலின் முதன்மையான வட்டாரம் ஒன்றில் உள்ளது. 1964 ஆம் ஆண்டு உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை இதனை அடுத்து உள்ளது. அருகிலுள்ள பாடியில் 1960களின் தொடக்கத்தில் டி.வி.எசு. குழுமத்தைச் சார்ந்த பல தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுள் வீல்சு இந்தியா எஃகுச் சக்கரங்களையும், பிரேக்சு இந்தியா தடைக் கருவிகளையும், லூக்காசு டி.வி.எசு. மின் கருவிகளையும் உற்பத்தி செய்பவை. டன்லப் நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலையும் அம்பத்தூரில் நெடுங்காலம் இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. வடசென்னையின் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946 இல் பலூன் செய்யும் கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எப்., 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கியது.

பூவிருந்தவல்லி வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஆலையிலிருந்து 1998 இல் ஊண்டாய் நிறுவனத்தின் சான்றோ மகிழுந்து வெளிவந்தது. சக்கரம், தடை, டயர், முழு மகிழுந்து ஆகிய நான்கும் செய்யப்பட்ட நிலப்பரப்பு இது. எனினும் வெளிச்சந்தைச் சக்கரங்களைத் தேடுவோர் பெரும்பாலும் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்சு சாலையின் உதிரிப்பாகக் கடைகளுக்கும், பழைய பாகங்களுக்குப் பெயர் பெற்ற புதுப்பேட்டைக்கும் செல்வது வழக்கம்.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் குறியீடே எல்லாக் கணக்குகளுக்கும் தொடக்கம். மாருதி ஆல்ட்டோ 800 மகிழுந்தின் டயரில் காணப்படும் 145/80 ஆர்12 74டி என்னும் குறியீட்டின் பொருள் வருமாறு:

- 145: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
- 80: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை நூற்றுமேனி என்பது. இங்கு 145 இன் 80 நூற்றுமேனி, அதாவது 116 மி.மீ.
- ஆர்: ஆரை இழை அமைப்பு, அதாவது ரேடியல் டயர்.
- 12: டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
- 74: சுமைக் குறியெண். ஒரு டயர் தாங்கும் உச்சச் சுமை 375 கிலோகிராம் என்பதைக் குறிக்கும்.
- டி: வேகக் குறி. மணிக்கு 190 கி.மீ. வரை என்பதைக் குறிக்கும். எசு என்பது 180, எச் என்பது 210 கி.மீ. ஆகும்.

டயரின் மொத்த விட்டத்தைக் காண, ரிம் விட்டத்தை 25.4 ஆல் பெருக்கி, அதனுடன் பக்கச்சுவர் உயரத்தின் இருமடங்கைக் கூட்ட வேண்டும். மேற்கண்ட டயருக்கு 304.8 உடன் 232 ஐக் கூட்டினால் 536.8 மி.மீ. கிடைக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 1,686 மி.மீ.; ஒரு கிலோமீட்டருக்கு இச்சக்கரம் சுமார் 593 முறை சுழலும்.

பக்கச்சுவரில் உற்பத்தி வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்பது 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தைக் குறிக்கும். பழைய டயர்களை ரிம்முடன் சேர்த்து வாங்குவோர் இதனை முதலில் பார்த்தல் நன்று.

மாற்றத்தின் வகைகள்

பெரிய சக்கரம் என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறான மூன்று மாற்றங்கள் குறிக்கப்படுகின்றன.

சமவிட்ட மாற்றம்: ரிம்மின் விட்டத்தைக் கூட்டி, அதே அளவுக்குப் பக்கச்சுவரின் உயரத்தைக் குறைத்து, மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது. முறையான மாற்றமாகக் கருதப்படுவது இதுவே.

அகல மாற்றம்: ரிம்மை மாற்றாமல், அதே ரிம்மில் அகலம் கூடிய டயரை மட்டும் மாட்டுவது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகல எல்லை உண்டு. எடுத்துக்காட்டாக, 185/65 அளவுள்ள டயருக்கு 5.0 முதல் 6.5 அங்குல அகலமுள்ள ரிம் ஏற்றது. அதைவிடக் குறுகிய ரிம்மில் மாட்டினால் டயரின் பக்கச்சுவர்கள் வெளியே புடைத்து, திருப்பங்களில் மடங்கும்.

விட்ட மாற்றம்: மொத்த விட்டத்தையே கூட்டுவது. மகிழுந்தின் உயரத்தைக் கூட்டும் நோக்குடன் சிலர் இதனைச் செய்கின்றனர். வேகமானி முதல் தடை வரை எல்லாவற்றையும் பாதிப்பது இவ்வகையாகும்.

இரு எடுத்துக்காட்டுகள்

மாருதி சுவிப்டு மகிழுந்தின் தொடக்க வகைகளில் 165/80 ஆர்14 டயரும், உயர் வகைகளில் 185/65 ஆர்15 டயரும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்துள்ளன. உற்பத்தியாளரே செய்த சமவிட்ட மாற்றத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

- 165/80 ஆர்14: பக்கச்சுவர் 132 மி.மீ., மொத்த விட்டம் 619.6 மி.மீ.
- 185/65 ஆர்15: பக்கச்சுவர் 120 மி.மீ., மொத்த விட்டம் 621.5 மி.மீ. வேறுபாடு 0.3 நூற்றுமேனி.
- 195/55 ஆர்16: பக்கச்சுவர் 107 மி.மீ., மொத்த விட்டம் 620.9 மி.மீ. வேறுபாடு 0.2 நூற்றுமேனி.
- 205/50 ஆர்17: பக்கச்சுவர் 102.5 மி.மீ., மொத்த விட்டம் 636.8 மி.மீ. வேறுபாடு 2.8 நூற்றுமேனி.

ரிம் 14 இலிருந்து 16 அங்குலமானாலும் மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை இதில் காணலாம். குறைந்தது பக்கச்சுவர் மட்டுமே. சாலைக் குழிக்கும் ரிம்முக்கும் இடையே மெத்தையாக நிற்பதும் அந்தப் பக்கச்சுவரே.

ஆல்ட்டோ 800 போன்ற மிகச் சிறிய மகிழுந்துகளில் நிலைமை வேறு. 145/80 ஆர்12 டயருக்கு மாற்றாகப் பேசப்படும் அளவுகளைக் கணக்கிட்டால்:

- 155/65 ஆர்13: மொத்த விட்டம் 531.7 மி.மீ., சுமார் 1 நூற்றுமேனி குறைவு. இவ்வளவில் வழமையான சுமைக் குறியெண் 73, அதாவது 365 கிலோகிராம்.
- 165/65 ஆர்13: மொத்த விட்டம் 544.7 மி.மீ., 1.5 நூற்றுமேனி கூடுதல். சுமைக் குறியெண் 77, அதாவது 412 கிலோகிராம்.
- 155/65 ஆர்14: மொத்த விட்டம் 557.1 மி.மீ., 3.8 நூற்றுமேனி கூடுதல். சுமைக் குறியெண் 75, அதாவது 387 கிலோகிராம்.

முதல் வரி கவனிக்கத்தக்கது. விட்டக் கணக்கில் மிக நெருங்கி வருவது 155/65 ஆர்13. ரிம்மும் பெரியது, டயரும் அகலமானது. ஆயினும் ஒவ்வொரு டயரும் தாங்கும் சுமை 10 கிலோகிராம் குறைகிறது. டயர் சுமை தாங்குவது அதனுள் அடைபட்டுள்ள காற்றின் அளவையும் அழுத்தத்தையும் பொறுத்தது. பக்கச்சுவர் குறுகினால் காற்றின் இடம் குறைகிறது. ஆகவே பெரிய சக்கரம் கூடுதல் சுமை தாங்கும் என்னும் பரவலான எண்ணம் சரியன்று. குடும்பத்தினர் ஐவரும் பெட்டிகளுமாகத் திருப்பதிக்கோ சொந்த ஊருக்கோ செல்லும் சிறு மகிழுந்தில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. மூன்றாவது அளவில் சுமை கூடினாலும் விட்டம் எல்லையைத் தாண்டுகிறது.

மொத்த விட்ட வேறுபாடு 3 நூற்றுமேனிக்குள் இருக்க வேண்டும் என்பதும், சுமைக் குறியெண்ணும் வேகக் குறியும் பழைய டயரைவிடக் குறையக்கூடாது என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் விதிகள். விட்டத்தைப் பொறுத்தவரை கூடுவதும் குறைவதும் இவ்வெல்லைக்குள் அடங்கவேண்டும்.

முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு

2009 இல் அறிமுகமாகி 2018 வரை உற்பத்தியான டாட்டா நானோவில் முன்சக்கரங்களுக்கு 135/70 ஆர்12, பின்சக்கரங்களுக்கு 155/65 ஆர்12 டயர்கள் இருந்தன. எஞ்சின் பின்புறம் அமைந்ததால் பின் அச்சில் சுமை மிகுதி என்பதே இதன் காரணம். இத்தகைய மகிழுந்துகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவைப் பொருத்துவது, உற்பத்தியாளர் வகுத்த முன்பின் சமநிலையைக் குலைத்துவிடும்.

சக்கரத்தின் பொருத்தம்

டயர் அளவு பொருந்தினாலும் சக்கரம் பொருந்தவேண்டும் என்பதில்லை. பின்வரும் நான்கும் ஒத்துவர வேண்டும்.

துளை வட்டம்: சக்கரத்தைப் பிணைக்கும் மரைகளின் எண்ணிக்கையும், அவற்றின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டமும். கடைகளில் இது பி.சி.டி. எனப்படும். சுவிப்டில் நான்கு துளைகள் 100 மி.மீ. வட்டத்தில் அமைந்துள்ளன, மாருதி 800 இல் நான்கு துளைகள் 114.3 மி.மீ. வட்டத்தில் அமைந்திருந்தன. இருவகைத் துளைகளும் இடப்பட்ட எட்டுத்துளைச் சக்கரங்களும் விற்பனையில் உள்ளன. துளை வட்டம் சிறிதளவு மாறுபட்ட சக்கரத்தை மரைகளை இறுக்கி வலிந்து மாட்டுவது மிகவும் ஆபத்தானது.

நடுத்துளை: சக்கரத்தின் நடுவிலுள்ள துளை அச்சுக் குடத்தின் மீது ஆடாமல் அமரவேண்டும். வெளிச்சந்தைச் சக்கரங்கள் பல மகிழுந்துகளுக்கும் பொருந்துமாறு பெரிய நடுத்துளையுடன் வருகின்றன. இடைவெளியை நிரப்பும் வளையம் இன்றி மாட்டினால் குறிப்பிட்ட வேகத்தில் திசைமாற்றி அதிரும். அளவு சரிபார்த்த பின்னும் அதிர்வு நீங்கவில்லை எனில் இவ்வளையமே முதலில் ஆராயப்பட வேண்டியது.

தள்ளல்: சக்கரத்தின் மைய நடுக்கோட்டிலிருந்து, அது அச்சுக் குடத்தில் அமரும் முகம் எவ்வளவு தள்ளி உள்ளது என்னும் அளவு. இது ஆப்செட் அல்லது இ.டி. எனக் குறிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 5 அங்குல அகலமும் இ.டி. 45 உம் கொண்ட சக்கரத்துக்குப் பதிலாக 6 அங்குல அகலமும் இ.டி. 35 உம் கொண்டதை மாட்டுவதாகக் கொள்வோம். அகலம் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ. நீள்கிறது. தள்ளல் குறைந்ததால் முழுச் சக்கரமும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆகவே வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியேயும், உள்விளிம்பு 2.7 மி.மீ. உள்ளேயும் செல்லும். வெளியே நகர்ந்தால் டயர் மட்காப்பில் உரசும், சுழல்தாங்கியின் மீது நெம்பு விசை கூடும், சக்கரம் சேற்றை உடற்பகுதி மீது வாரி இறைக்கும். உள்ளே நகர்ந்தால் அதிர்வேற்பித் தண்டிலோ தடைக் குழாயிலோ உரசும்.

மரை இருக்கை: மரையின் அடிப்பகுதி கூம்பு வடிவிலோ கோள வடிவிலோ இருக்கும். எஃகுச் சக்கரத்துடன் வந்த மரைகள் அலாய் வீலுக்குப் பொருந்தாமல் போகலாம். வடிவம் மாறினால் மரை இறுகியதுபோல் தோன்றி, ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

எஃகும் கலப்புலோகமும்

எஃகுச் சக்கரம், அழுத்தி உருவாக்கிய வட்டத் தகட்டையும் விளிம்பையும் பற்றவைத்துச் செய்யப்படுகிறது. அலாய் வீல் பெரும்பாலும் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைக் குறைந்த அழுத்தத்தில் வார்த்து, வெப்பப் பதம் செய்து, கடைந்து முடிக்கப்படுகிறது.

அலாய் வீல் எப்போதும் எடை குறைந்தது என்னும் கருத்து முழுமையான உண்மையன்று. ஒரே அளவில் ஒப்பிட்டால் நன்கு வடிவமைத்த அலாய் வீல் எடை குறைந்திருக்கலாம். ஆனால் 12 அங்குல எஃகுச் சக்கரத்துக்குப் பதிலாக 14 அங்குல வார்ப்புச் சக்கரம் மாட்டும்போது எடை கூடவும் வாய்ப்புண்டு. கடையில் தராசில் வைத்துப் பார்ப்பதே தெளிவான வழி.

பெருங்குழியில் இடித்தால் எஃகு வளையும். வளைந்ததை ஓரளவு தட்டி நேராக்கலாம். வார்ப்பு அலுமினியம் அதிகம் வளையாமல் வெடிப்புவிடும். வெடிப்பைப் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பற்றவைக்கும் வெப்பத்தால் அப்பகுதியின் வெப்பப் பதம் கெட்டு வலிமை குறைவதால், மறுமுறை அதே இடத்தில் முன்னறிவிப்பின்றி உடையக்கூடும். பழைய அலாய் வீல் வாங்குவோர் உட்புறத்தைத் துடைத்து, பற்றவைத்த தழும்பும் புதுவண்ணப் பூச்சும் உள்ளனவா என்று காண்பது அவசியம்.

தரச் சோதனைகள்

சக்கரங்கள் மூன்று முதன்மையான சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றன. திருப்பங்களில் ஏற்படும் வளைவிசையைத் தொடர்ந்து தந்து களைப்பு ஆயுளை அறிவது முதலாவது. சுமையுடன் உருளையின் மீது நெடுந்தொலைவு ஓட்டுவது இரண்டாவது. 13 பாகை சாய்வில் நிறுத்திய சக்கரத்தின் விளிம்பில் எடையை விழச்செய்து மோதல் வலிமையை அறிவது மூன்றாவது. இந்தியாவில் கலப்புலோகச் சக்கரங்களுக்கு ஏ.ஐ.எசு. 073 என்னும் தானுந்துத் தொழில் தரம் உள்ளது. மாற்றுச் சக்கரங்களுக்கு ஐக்கிய நாடுகள் அவையின் 124 ஆவது ஒழுங்குவிதி உண்டு. சப்பானின் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகள் பல வெளிச்சந்தைச் சக்கரங்களில் காணப்படுகின்றன. முத்திரையை அச்சில் வார்த்துவிடுவது எவருக்கும் எளிது என்பதால், முத்திரையுடன் சக்கரத்தின் உச்சச் சுமை அளவும் உற்பத்தியாளர் பெயரும் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். டயர்களைப் பொறுத்தவரை இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்து டயர்கள் ஐ.எசு. 15633 தரத்துக்கு உட்பட்டு ஐ.எசு.ஐ. முத்திரை பெற்றிருத்தல் கட்டாயமாகும்.

ஓட்டத்தில் ஏற்படும் மாற்றங்கள்

வேகமானியும் தொலைமானியும்

வேகமானி சக்கரம் சுழலும் எண்ணிக்கையையே எண்ணுகிறது. சாலையை அது அறியாது. மொத்த விட்டம் 5 நூற்றுமேனி கூடினால், முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 60 எனக் காட்டும்போது மகிழுந்து 63 கி.மீ. வேகத்தில் செல்லும். ஐக்கிய நாடுகள் அவையின் 39 ஆவது ஒழுங்குவிதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. தொழிற்சாலைகள் வேகமானியைச் சற்றுக் கூட்டிக் காட்டுமாறு அமைப்பதன் காரணம் இதுவே.

தொலைமானியும் இவ்வாறே பிழைபடும். 2 நூற்றுமேனி விட்டம் கூடிய மகிழுந்து 100 கி.மீ. சென்றால் தொலைமானி ஏறத்தாழ 98 எனப் பதியும். சக்கரம் மாற்றியபின் மைலேசு குறைந்துவிட்டது என்னும் குறைபாட்டில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழையே. எஞ்சிய பகுதி, அகலமான டயரின் உருளல் தடையாலும் கூடிய எடையாலும் வருவது.

முடுக்கமும் தடையும்

சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ரிம் விளிம்பில் உள்ள அதே நிறை 12 அங்குல விட்டத்திலிருந்து 14 அங்குல விட்டத்துக்குச் சென்றால் அதன் பங்கு சுமார் 36 நூற்றுமேனி கூடுகிறது. 800 கனசென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட மகிழுந்தில் இது ஒவ்வொரு சமிக்ஞையிலும் புறப்படும்போது உணரப்படும். தடையும் இதே சுழற்சியை நிறுத்தவேண்டியுள்ளது. மேலும், தடைத் தட்டு தரும் முறுக்கம் மாறாதிருக்க, சக்கரத்தின் ஆரம் கூடினால் சாலையில் கிடைக்கும் தடைவிசை அதே விகிதத்தில் குறையும். பெரிய சக்கரம் மாட்டுவதால் தடை வலுப்பெறுவதில்லை.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய மகிழுந்துகளில் பூட்டாத் தடை முறைமை கட்டாயமானது. இம்முறைமை நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டே இயங்குவதால், நான்கிலும் ஒரே விட்டம் இருப்பது முன்னைவிட இன்றியமையாததாகிறது.

திசைமாற்றியும் தொங்கல் அமைப்பும்

மாருதி 800, ஆல்ட்டோவின் தொடக்க வகைகள் முதலியவற்றில் விசைத் திசைமாற்றி இல்லை. இவற்றில் அகலமான டயர் மாட்டினால், நிறுத்துமிடத்தில் திருப்புவது கைகளுக்குக் கடினமாகும். தள்ளல் மாறினால் சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி மாறி, தடை பிடிக்கும்போது மகிழுந்து ஒருபக்கம் இழுக்கும். சக்கரத்தின் எடை கூடினால் அதிர்வேற்பிக்கு வேலை கூடி, அது விரைவில் தேயும்.

தரை இடைவெளி

மொத்த விட்டம் கூடிய அளவில் பாதியே தரை இடைவெளியில் கூடும். ஆல்ட்டோவில் 165/65 ஆர்13 மாட்டினால் கிடைக்கும் உயர்வு சுமார் 4 மி.மீ. மட்டுமே. வேகத்தடைகளில் அடிப்பகுதி இடிப்பதைத் தவிர்க்க இது போதாது.

மழையும் சாலைக்குழியும்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் சாலையில் நீர் தேங்குவதும், நீருக்கு அடியில் குழி மறைந்திருப்பதும் அக்காலத்தில் வழமையானவை. பெரிய சக்கரத்தின் இரண்டு குறைகள் இப்போதே வெளிப்படும்.

முதலாவது, நீர்மேல் வழுக்கல். அகலமான டயர் சாலையைத் தொடும் பரப்பு பெரிதும் கூடுவதில்லை. அப்பரப்பு சுமையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. மாறுவது அதன் வடிவம்: நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. உலர்ந்த திருப்பத்தில் இது நன்மை. ஆனால் தேங்கிய நீரில் அகலமான முகப்பு கூடுதல் நீரை ஒதுக்கவேண்டியிருப்பதால், எடை குறைந்த சிறு மகிழுந்து முன்னதாகவே நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். டயரின் தடப் பள்ளம் தேய்ந்திருந்தால் நிலைமை மேலும் மோசமாகும். மகிழுந்து டயரில் தடப் பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்திய விதி.

இரண்டாவது, மோதல். தாழ்ந்த பக்கச்சுவர் குழியின் விளிம்பில் எளிதில் நசுங்கி, ரிம் நேரடியாகச் சாலையை அடிக்கும். பக்கச்சுவரின் உள்ளிழைகள் அறுந்தால் அங்கு முட்டைபோல் புடைப்பு தோன்றும். புடைத்த டயரை ஒட்டுப்போட்டுச் சீராக்க இயலாது; அது எந்நேரமும் வெடிக்கக்கூடும். இக்காரணத்தால் குழி மிகுந்த சாலைகளில் நாள்தோறும் செல்வோர்க்கு ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட ரிம் உயர்வு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பொருத்தும் முறை

முறையான பொருத்தலில் பின்வரும் படிகள் அடங்கும்:

- அச்சுக் குடத்தின் முகத்திலுள்ள துருவைத் துடைத்தபின் சக்கரத்தை அமர்த்துதல்.
- மரைகளைக் கையால் தொடங்கி, எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குதல். காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கினால் மரை அளவுமீறி இறுகித் தண்டு நீளும். இறுதி இறுக்கம் முறுக்குமானியால், உற்பத்தியாளர் கையேட்டில் தந்த அளவுக்குச் செய்யப்பட வேண்டும்.
- ஒவ்வொரு சக்கரத்தையும் சமன் செய்தல். பின்னர் நான்கு சக்கரங்களின் சீரமைப்பு, அதாவது வீல் அலைன்மென்ட், பார்த்தல்.
- திசைமாற்றியை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, பின்னிருக்கையில் ஆட்களை அமர்த்தி, வேகத்தடை ஒன்றின் மீது மெதுவாக ஏற்றி இறக்கி, உரசல் உள்ளதா எனப் பார்த்தல். ஆளில்லாத மகிழுந்தில் உரசாத டயர் முழுச் சுமையில் உரசக்கூடும்.
- 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மரைகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்த்தல்.

மாற்றுச் சக்கரம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நான்கை மட்டும் மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவில் வைத்திருந்தால், நள்ளிரவில் பஞ்சர் ஆகும்போது ஓர் அச்சில் இரு வேறு விட்டங்கள் அமையும். அலாய் வீலுக்கு வாங்கிய மரைகள் எஃகு மாற்றுச் சக்கரத்துக்குப் பொருந்தாமலும் போகலாம். ஆகவே பழைய மரைகளை வண்டியிலேயே வைத்திருப்பது நன்று. மாற்றுச் சக்கரத்தைப் பழைய அளவில் வைத்திருப்போர், அதனை மாட்டினால் அருகிலுள்ள கடைவரை மட்டும் மெதுவாகச் செல்ல வேண்டும்.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது எனக் கூறுகிறது. 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு முரணான மாற்றங்கள் அனுமதிக்கத்தக்கவை அல்ல எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் சேர்த்த 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத வகையில் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அதே மாதிரியின் உயர் வகைக்கு உற்பத்தியாளரே தந்துள்ள அளவைத் தொடக்க வகையில் பொருத்துவது நடைமுறையில் பாதுகாப்பான எல்லையாகக் கருதப்படுகிறது. போக்குவரத்து வாகனங்களின் பதிவு விவரங்களில் டயர் அளவும் இடம்பெறுவதால், வாடகை மகிழுந்து உரிமையாளர்கள் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும்.

காப்பீட்டிலும் இதன் விளைவு உண்டு. தொழிற்சாலையில் பொருத்தப்படாத அலாய் வீல் தனித் துணைக்கருவியாகக் கருதப்படும். அதன் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சேர்த்தாலன்றி, திருடுபோனாலோ சேதமுற்றாலோ இழப்பீடு கிடைக்காது. விபத்துக்கு அளவு பொருந்தாத சக்கரமே காரணம் எனக் கண்டறியப்பட்டால் இழப்பீட்டுக் கோரிக்கையே சிக்கலுக்கு உள்ளாகலாம். தொழிற்சாலை உத்தரவாதமும் சுழல்தாங்கி, அதிர்வேற்பி முதலிய பாகங்களுக்கு மறுக்கப்படலாம்.

பிற நாடுகளில்

செருமனியில் வகை ஒப்புதலுக்குப் புறம்பான சக்கரத்தைப் பொருத்தினால், அச்சக்கரத்துக்குரிய பொது இயக்க அனுமதிச் சான்று வேண்டும்; அல்லது டி.யு.வி. போன்ற சோதனை அமைப்பு அதனை ஆராய்ந்து ஏற்க வேண்டும். எந்தச் சக்கரம் எந்த மகிழுந்துக்கு எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பது சான்றிலேயே குறிக்கப்படுவதால், வாங்குவோர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பவேண்டிய நிலை அங்கு இல்லை. இந்தியாவில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளரின் மீதே விழுகிறது. டயர் விட்டம், சுமைக் குறியெண், துளை வட்டம், நடுத்துளை, தள்ளல் ஆகிய ஐந்து எண்களையும் பணம் தருமுன் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தல், பின்னர் வரும் பெரும்பாலான இடர்களைத் தவிர்க்க உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

- டயர்
- சக்கரம்
- பூட்டாத் தடை முறைமை
- அம்பத்தூர் தொழிற்பேட்டை
- மண்ணூர்பேட்டை

பகுப்புகள்: தானுந்துத் தொழில்நுட்பம் | தானுந்து உதிரிப்பாகங்கள் | சாலைப் பாதுகாப்பு